ஃப்ரீசருக்குக் காவல் இருக்கும் ஆய்வு மாணவர்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்ட மாணவர்கள் ஆறு பேர் இருக்கிறோம். உதவித்தொகை கடைசியாகக் கைக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இந்த ஆண்டு புதிதாக முளைத்த பிரச்னை அல்ல இது. எங்களுக்கு முன் படித்து வெளியேறிய அண்ணன்களும் அக்காக்களும் இதே கணக்குப் பிரிவின் சன்னல் முன்பு நின்றிருக்கிறார்கள். "ஃபைல் மேல போயிருக்கு தம்பி, வந்துடும்" என்ற பதிலும் மாறவில்லை.

நாங்கள் செய்யும் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு விளக்கிச் சொல்வது எளிதல்ல. பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களை ஃபேஜ் என்பார்கள். விடியற்காலையில் கழிவுநீர் ஓடையில் குப்பியை அமிழ்த்தி நீர் எடுத்துவந்து, வடிகட்டி, அதிலிருந்து ஃபேஜ்களைப் பிரித்தெடுக்கிறோம். அவற்றின் மரபணுக்களில் இன்ட்ரான் இருக்கிறதா என்று தேடுவதே என் ஆய்வு. மரபணு என்பது புரதம் செய்வதற்கான குறிப்பு. அந்தக் குறிப்பின் நடுவே, அந்தப் புரதத்துக்குத் தேவைப்படாத நீண்ட பகுதி ஒன்று புகுந்திருந்தால் அது இன்ட்ரான். ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்பட்ட பின் அது வெட்டி நீக்கப்பட்டு, இரு முனைகளும் ஒட்டப்படும்.

1977-இல் மனிதச் செல்லைத் தாக்கும் அடினோவைரஸில் இத்தகைய இடைச்செருகல் கண்டறியப்பட்டது. ஃபேஜில் அப்படி இருக்கும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை. ஃபேஜ் சிக்கனக்காரன், சிறிய மரபணுத் தொகுதிக்குள் குடும்பம் நடத்துபவன். ஆனால் 1984-இல் அமெரிக்காவின் ஆல்பனி நகரில் மார்லீன் பெல்ஃபோர்ட்டும் சக ஆய்வாளர்களும் டி4 என்னும் ஃபேஜின் தைமிடிலேட் சிந்தேஸ் மரபணுவுக்குள் இன்ட்ரான் இருப்பதை வெளியிட்டார்கள். அதன் நீளம் 1,016 எழுத்துகள். எந்தப் புரதத்தின் உதவியும் இல்லாமல் அது தன்னைத் தானே வெட்டிக்கொண்டு வெளியேறும் என்பதும் தெரியவந்தது. இங்கே ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். அந்த ஆய்வு நடந்த இடம் நியூயார்க் மாநில அரசின் சுகாதாரத் துறைக்கு உட்பட்ட ஆய்வுக்கூடம். உடனடிப் பயன் என்ன என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு கேள்விக்கு ஒரு மாநில அரசின் ஆய்வுக்கூடம் இடம் கொடுத்திருக்கிறது.

பயன் பின்னால் வந்தது. ஃபேஜ் இன்ட்ரான்கள் சிலவற்றுக்குள் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிக்கான குறிப்பும் ஒளிந்திருக்கிறது. ஒரே பாக்டீரியாவுக்குள் இரண்டு ஃபேஜ்கள் நுழைந்துவிட்டால், ஒன்றின் இன்ட்ரானில் உள்ள இந்த நொதி மற்றொன்றின் மரபணுவை வெட்டி, அது பெருக முடியாமல் செய்துவிடுவதை 2024-இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் சூடோமோனாஸ் ஃபேஜ்களில் காட்டினார்கள். எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளுக்கு எதிராகப் பல ஃபேஜ்களைக் கலந்து நோயாளிக்குக் கொடுக்கும் சிகிச்சை பேசப்படும் காலத்தில், கலவைக்குள் எது எதன் கழுத்தை அறுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? கங்கை, யமுனை நீரில் காலரா கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று எர்னஸ்ட் ஹான்கின் 1896-இலேயே எழுதிவைத்த நாடு இது. ஃபேஜுக்கு அந்தப் பெயரே 1917-இல்தான் கிடைத்தது.

இத்தகைய ஆய்வு இங்கே எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். எங்கள் சேகரிப்பில் பதினேழாம் எண் ஃபேஜ் ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட மரபணுப் பகுதியைப் பெருக்கி ஜெல்லில் ஓடவிட்டால், இன்ட்ரான் இல்லாத துண்டு சிறியதாக இருப்பதால் வேகமாகக் கீழே இறங்கிவிடும். இன்ட்ரான் உள்ளது ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள் கூடுதலாகச் சுமந்துகொண்டு பின்தங்கி நிற்கும். பதினேழாம் எண்ணின் பட்டை மேலேயே நின்றது. அன்று இரவு எங்கள் கூடத்தில் யாரும் தூங்கவில்லை. ஆனால் அது இன்ட்ரான்தான் என்று நிரூபிக்க ஜெல் போதாது. ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதிலிருந்து மறுபடி டி.என்.ஏ. நகல் எடுத்து, அந்தப் பகுதி நீங்கியிருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு நொதி வேண்டும்.

அந்த நொதிக்கான கோரிக்கை எட்டு மாதங்களாக மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கிறது. முதலில் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். எங்களுக்கு வேண்டிய வகையை ஒரே கம்பெனிதான் தயாரிக்கிறது என்றோம். அப்படியானால் அதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். சான்று வந்தபோது நிதியாண்டு முடிந்திருந்தது. பழைய தொகைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் புதிய தொகை என்றார்கள். டி4 வகை ஃபேஜ் ஒரு பாக்டீரியாவுக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கில் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளிவர ஏறத்தாழ அரைமணி நேரம்தான் ஆகிறது.

சென்ற ஆண்டு வாங்கிய நொதிகளில் ஒரு தொகுதி வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தது. வாசலில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் திங்கள் வரை காவலர் அறையில் இருந்தது. தெர்மக்கோல் பெட்டியைத் திறந்தபோது பனிக்கட்டி முழுவதும் கரைந்து, குப்பிகள் வெதுவெதுப்பான நீரில் மிதந்தன. மாற்றித் தரச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வழி இல்லை.

மின்வெட்டு இன்னொரு துன்பம். மூன்று ஆண்டுகளாகச் சேகரித்த ஃபேஜ்களும் ஆர்.என்.ஏ. மாதிரிகளும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருக்கின்றன. கட்டடத்துக்கு ஜெனரேட்டர் உண்டு. டீசலுக்குத்தான் நிதி இல்லை. சென்ற கோடையில் ஓர் இரவு மின்சாரம் போனது யாருக்கும் தெரியாமல், சக மாணவி ஒருவரின் ஒன்றரை ஆண்டு ஆர்.என்.ஏ. மாதிரிகள் வீணாயின. அதன் பிறகு முறை வைத்துக்கொண்டு இரவில் ஆய்வுக்கூடத்திலேயே படுக்கிறோம். மின்சாரம் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்கக் கூடாது. போன நேரத்தைச் சாக்பீஸால் கதவில் எழுத வேண்டும். திரையில் மைனஸ் 50 தெரிந்தால் பெட்டிகளை ஐஸில் புதைத்துப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முனைவர் பட்டப் பாடத்திட்டத்தில் இந்தப் பயிற்சி எங்கும் இல்லை.

தொகை போதவில்லை என்பது எங்கள் முதல் புகார் அல்ல. 2018 இறுதியில் நாட்டின் பல நகரங்களில் ஆய்வு மாணவர்கள் தெருவுக்கு வந்தபின் உயர்வு கிடைத்தது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய் என்று மீண்டும் உயர்ந்தது. காகிதத்தில் நல்ல தொகைதான். ஆனால் ஏழு மாதம் வராத 37,000 ரூபாயைக் கொண்டு மெஸ் பில் கட்ட முடியாது. தேசியத் தகுதித் தேர்வு வழியாக வராதவர்களின் நிலை இன்னும் மோசம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அவர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மாதம் 8,000 ரூபாய்தான். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதுவும் இல்லாமல், மாலையில் டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொண்டு ஆய்வு செய்பவர்கள் ஏராளம். என் அப்பா ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் "சம்பளம் வந்துச்சாப்பா?" என்று கேட்பார். முப்பதை நெருங்கும் வயதில் அதற்கு என்ன பதில் சொல்வது?

பணம் வராவிட்டாலும் காலக்கெடு மட்டும் தவறாமல் ஓடுகிறது. 2022-இல் வந்த விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டுகள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபதிவு. நொதிக்காகக் காத்திருந்த எட்டு மாதங்களும் அந்த ஆறு ஆண்டுகளில்தான் கழிகின்றன. தாமதம் நிர்வாகத்துடையது, "ஏன் இன்னும் முடிக்கவில்லை?" என்ற கேள்வி மட்டும் மாணவரிடம் வருகிறது.

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. மாதாமாதம் நேரடியாக வங்கிக் கணக்கில் ஏறும் என்றார்கள். இணையதளம் மாறியது, தாமதம் மாறவில்லை. ஆராய்ச்சிச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 சதவீதமாக உயர்த்துவோம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். 2020-21-இல் அது 0.64 சதவீதம். ஆய்வுக்கூட வசதிகளை மேம்படுத்தக் குழு வரும் என்றார்கள். வந்தது, பார்த்தது, டீ குடித்துவிட்டுப் போனது.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சரிசெய்யத் தெரியாது என்று நாங்கள் நினைக்கவில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வுக்கூட ரசாயனங்களுக்கான சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தப்பட்டது. விஞ்ஞானிகள் குரல் எழுப்பியதும் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. மனம் இருந்தால் நாள் கணக்கில் முடிகிறது. அதே வேகத்தைத்தான் உதவித்தொகைக்கும் கேட்கிறோம். ஊழியர்களுக்குச் சம்பளம் போடும் தேதியிலேயே ஆய்வு மாணவர்களுக்கும் தொகை வர வேண்டும். சான்றிதழ் தாமதமானால் நிர்வாகங்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். மாணவரின் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். குளிரில் வைக்க வேண்டிய நொதிகளுக்குத் துறைத் தலைவர் அளவிலேயே வாங்கும் அனுமதி தரலாம். நிதி வராத மாதங்களை ஆறு ஆண்டுக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். ஃப்ரீசர் இருக்கும் அறைக்குத் தனி மின்இணைப்பும், ஒரு பீப்பாய் டீசலும் கொடுக்கக் கோடிகள் தேவையில்லை.

பதினேழாம் எண் ஃபேஜ் மூன்றாவது தட்டில், நீல மூடி போட்ட குப்பியில் இருக்கிறது. நொதிக்கான கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று திங்களன்று மறுபடி விசாரிக்கப் போகிறேன். இந்த வாரம் இரவுக் காவல் என் முறை. பாயும் சாக்பீஸும் எடுத்து வைத்திருக்கிறேன்.