கடலடியில் காவல் நிற்கும் "எச் றோ ஜீ"

திரவ அமுக்கம் என்றால் ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல் மூன்றின் பெருக்கம். "எச் றோ ஜீ" என்று எங்கள் பிள்ளைகள் நித்திரையிலும் சொல்வார்கள். நமது கரையோர ஊர்களுக்கு இன்று காவல் நிற்பது அந்தச் சூத்திரம்தான் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

4000 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. அது நிலையாக நிற்பதில்லை. வற்றுப்பெருக்கில் நீர் ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தால் அடியில் சுமார் 100 பாஸ்கல் கூடும், இறங்கினால் குறையும். காற்றடித்து எழும் அலை எவ்வளவு பெரிதானாலும் அந்த ஆழத்துக்கு எட்டாது. சுனாமி அப்படியல்ல. அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர். மேலிருந்து அடிவரை முழு நீரும் அசையும். 2004இல் நடுக்கடலில் அந்த அலையின் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர்தான். படகில் இருந்தவருக்கு அது விளங்கியிராது. அடியில் ஓர் அமுக்க உணரி இருந்திருந்தால் அதற்கு விளங்கியிருக்கும்.

அன்று பசுபிக் சமுத்திரத்தில் அந்தக் கருவிகள் இருந்தன. இந்து சமுத்திரத்தில் ஒன்றுகூட இல்லை. சுமாத்திராவிலிருந்து அலை நமது கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் நமக்குச் சொல்ல ஆளில்லை. இலங்கையில் மட்டும் 30,000இற்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இன்று இந்து சமுத்திரத்திலும் உணரிகள் உள்ளன. வற்றுப்பெருக்கால் வர வேண்டிய அமுக்கத்தைக் கணித்து, அதிலிருந்து விலகல் தெரிந்தால் மேலே மிதவைக்கு ஒலியால் அறிவிக்கும். மிதவை செய்மதி வழியே எச்சரிக்கை நிலையத்துக்கு அனுப்பும்.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமியதிர்ச்சி. நமது ஊர்ச் சனமெல்லாம் ஓடியது. பிறகு "சும்மா ஓட வெச்சிட்டாங்க" என்று பேசினோம். சும்மா அல்ல. அன்று தகடுகள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வழுக்கின. கடலடி பெரிதாக உயரவில்லை, நீரும் எழும்பவில்லை. பூமியதிர்ச்சியின் அளவு மட்டும் இதைச் சொல்லாது. கடலுக்குள்ளும் கரையிலும் அளந்து பார்த்தால்தான் தெரியும். அளந்து பார்க்கும்வரை ஓடித்தான் ஆக வேண்டும். எச்சரிக்கை அன்றே நீக்கப்பட்டதும் அப்படி அளந்ததால்தான்.

ஆகவே நாம் மூன்று விடயங்களை வலியுறுத்துகிறோம்.

ஒன்று, கரையோரப் பாடசாலைகளில் திரவ அமுக்கப் பாடத்தைச் சுனாமியோடு சேர்த்தே நடத்த வேண்டும்.

இரண்டு, பலநாள் படகில் போகும் வாப்பாமார், காக்காமார் மிதவையைக் கண்டால் மீன் கூடுகிறதென்று அதில் படகைக் கட்டக் கூடாது. அது அறுந்தால் கரையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து.

மூன்று, ஓடச் சொன்னால் ஓட வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால் யாரும் சொல்லும்வரை காத்திருக்கவும் கூடாது.

டிசம்பர் 26இல் மௌத்தானவர்களுக்காக துஆ கேட்போம். அதே கிழமையில் வகுப்பில் இந்தப் பாடத்தையும் நடத்துவோம்.