காதைத் திருகும் முன் காதைச் சோதியுங்கள்

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்!" மகனைப் பள்ளியில் விடும் தகப்பன் இப்படிச் சொல்வது கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் வட்டாரத்துக்கும் புதிதல்ல, தமிழகத்தின் வேறெந்த ஊருக்கும் புதிதல்ல. 'அடங்காதவன்' என்று பெயர் வைத்து, முட்டி போடவைத்து, கடைசியில் டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்லும் இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையனின் நோட்டை இழுக்கிறான் ஒருவன். பலகை அவன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதவனுக்கு மாதக்கணக்கில் காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கலாம். பாடத்தின் நடுவே சில நொடிகள் வெறித்திருந்துவிட்டு, விட்ட இடம் தெரியாமல் விழிக்கிற சிறுமிக்கு வந்தது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். வாய் ஓயாமல் பேசுகிறவன் வாசிக்கச் சொன்னதும் வம்பு இழுத்தால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தசோகையும் அரைத் தூக்கமும்கூடக் கவனத்தைக் கலைக்கும், எரிச்சலைக் கூட்டும்.

வீட்டில் நடப்பதும் வகுப்புக்குள் வரும். கல்வராயன் மலையிலிருந்து வெளியூர் வேலைக்குப் போகும் பெற்றோர் பலர் பிள்ளைகளைத் தாத்தா, பாட்டியிடம் விட்டுச் செல்கிறார்கள். 2024 ஜூனில் இதே மாவட்டத்தின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளையின் துக்கம் அழுகையாகத்தான் வெளிவரும் என்பதில்லை, அடிதடியாகவும் வரும். அதற்கும் பிரம்புதான் பதிலா?

எல்லாச் சேட்டைக்கும் நோய்ப்பெயர் சூட்டச் சொல்லவில்லை. துறுதுறுப்பு பிள்ளைகளின் இயல்பு. ஆனால் ஒரே தொல்லை மாதக்கணக்கில், வீட்டிலும் பள்ளியிலும் நீடித்தால் காரணம் தேடுவது பெரியவர்களின் கடமை. மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு அந்தக் கடமை முடிவதில்லை.

சட்டத்துக்கும் குறைவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க 16-ஆவது பிரிவு இடம் தரவில்லை. ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-இல் வந்துவிட்டது. இத்தனையும் இருக்க, பிரம்பை முதல் மருந்தாக எடுப்பதற்குச் சாக்கு ஏது?

எனவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கிறோம். மருத்துவக் குழுவின் வருகை எடை, உயரம் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. கண், காது, ரத்தம் மூன்றையும் சோதித்து, முடிவைப் பெற்றோரின் கையில் எழுத்தில் கொடுக்க வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் மலைப் பள்ளிகளுக்கும் குறித்த நாளில் போக வேண்டும். பல வகுப்புகளை ஒரே ஆளாகக் கட்டி மேய்க்கும் ஆசிரியரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமல்ல; காலிப் பணியிடங்களை நிரப்புங்கள், பயிற்சி கொடுங்கள். அதன் பிறகும் கை ஓங்குகிறவர்மீது துறை நடவடிக்கை பாய வேண்டும்.

காரணத்தைத் தேடாமல் எந்தப் பிள்ளையின் பெயரையும் வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்கக் கூடாது. இந்தக் கல்வியாண்டிலேயே அதற்கான சுற்றறிக்கை ஒவ்வொரு தலைமை ஆசிரியரின் மேசைக்கும் வந்தாக வேண்டும்.