எழுதாத ஒப்பந்தமும் உடைகிற உறவும்

ஜமாஅத் பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. தம்பி வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பியிருப்பார். அண்ணன் அந்தப் பணத்தில் மனை வாங்கி, வீடும் கட்டி, கிரயப் பத்திரத்தைத் தம் பெயரில் பதிந்திருப்பார். 'தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், கையெழுத்துக்கு வர முடியாது' என்பது அன்றைக்குச் சொன்ன காரணம். அண்ணன் நல்லவர்தான். அவர் உயிரோடு இருக்கும்வரை பிரச்சினை எழாது. அவர் மவுத்தான பிறகு பத்திரத்தைக் கையில் எடுப்பவர்கள் அவருடைய மனைவி மக்கள். அவர்களும் கெட்டவர்கள் அல்லர். வாப்பா பெயரில் இருக்கும் வீடு வாப்பாவுடையது என்றே நம்புகிறார்கள். இரு தரப்பும் அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்யத் தயாராக இருக்கும். எழுத்தாக ஒரு வரி கூட இருவரிடமும் இருக்காது.

இதில் திருடன் என்று யாருமில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் இரண்டாக உடைந்து, பெருநாள் அன்று கூட முகம் பார்க்காமல் போகிறது. 'நமக்குள் எதற்கு எழுத்து?' என்று அன்று சொன்ன ஒரு வார்த்தைதான் இதற்குக் காரணம்.

வக்ஃப் தரும் பாடம்

இதே வார்த்தையின் விளைவைச் சமுதாயம் முழுவதுமாகச் சந்தித்த ஆண்டு 2025. அந்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃப் திருத்தச் சட்டம், நீண்ட காலப் பயன்பாட்டால் ஓர் இடம் வக்ஃப் ஆகும் என்ற விதியை இனி வரும் காலத்துக்கு நீக்கியது. வக்ஃப் பத்திரம் எழுதாமல் புதிதாக எந்த வக்ஃபையும் உருவாக்க முடியாது என்றும் சொன்னது. உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 அன்று அளித்த இடைக்கால உத்தரவில் சில பிரிவுகளுக்குத் தடை விதித்தது. பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயத்துக்குத் தடை விதிக்கவில்லை. அச்சட்டத்தின் மீது நமக்குள்ள ஆட்சேபங்கள் வேறு விவாதம். ஆனால் ஒரு கேள்வியை நாம் நம்மிடமே கேட்டாக வேண்டும். நம் முன்னோர் மனமுவந்து அல்லாஹ்வுக்காகக் கொடுத்த நிலங்களில் எத்தனைக்கு நான்கெல்லையும் நோக்கமும் தெளிவாக எழுதிய ஆவணம் நம்மிடம் இருக்கிறது? ஊரே சாட்சி என்று விட்டோம். அந்த ஊரில் சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர்கள் கபுருக்குப் போய்விட்டார்கள்.

பள்ளிவாசல் நிலத்துக்கு நேர்ந்ததே நம் வீட்டு மனைக்கும் நேரும்.

மார்க்கம் சொன்னது என்ன?

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தொழுகையைப் பற்றி, நோன்பைப் பற்றி என்றுதான் பதில் வரும். அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனமான அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியது. தவணையைக் குறிப்பிட்டு எழுதச் சொல்கிறது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்கிறது. வாசகத்தைச் சொல்லும் பொறுப்பைக் கடன் கொடுத்தவரிடம் விடாமல், கடனைச் சுமப்பவரிடம் ஒப்படைக்கிறது. அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். சாட்சிகளை வைக்கச் சொல்கிறது. தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்கிறது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தரக் கூடாது என்பதையும் விடவில்லை.

கடன் வாங்குபவரே வாசகம் சொல்ல வேண்டும் என்பதில் பெரிய ஹிக்மத் இருக்கிறது. இன்று எந்த ஒப்பந்தத்தையும் பணம் உள்ளவர்தான் எழுதுகிறார், இல்லாதவர் படிக்காமல் கையெழுத்திடுகிறார். குர்ஆன் காட்டும் முறையில், கடமையை ஏற்பவர் தான் எதை ஏற்கிறார் என்று தன் வாயால் சொல்லியாக வேண்டும். புரியாத எதையும் ஒருவரால் அப்படிச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டளை வாஜிப் என்று இமாம் தபரீ (ரஹ்) போன்றோர் கூறினர். விரும்பத்தக்கது என்பதே பெரும்பான்மை ஃபிக்ஹ் அறிஞர்களின் கருத்து. ஆனால் எழுதுவது ஈமானில் குறை, சகோதரனைச் சந்தேகிப்பது என்று எந்த இமாமும் கூறவில்லை. மாறாக, ஒப்பந்த வாசகங்களை எழுதும் முறைக்கு 'ஷுரூத்' என்று தனிக் கலையையே வளர்த்தார்கள். இமாம் தஹாவீ (ரஹ்) அதில் தனி நூல்கள் எழுதியவர்.

ஒரு சொல்லின் எடை

வாசகம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஹிஜ்ரி 6-ல் நடந்த ஹுதைபிய்யா உடன்படிக்கையே போதும். அலீ (ரலி) அவர்கள் எழுத, நபி (ஸல்) அவர்களின் பெயரோடு 'அல்லாஹ்வின் தூதர்' என்று சேர்ப்பதைக் குறைஷிகளின் தூதர் சுஹைல் ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் 'அப்துல்லாஹ்வின் மகன்' என்றே எழுதச் செய்தார்கள். இரு தரப்பும் ஏற்கும் சொல்லே ஒப்பந்தத்தில் நிற்கும் என்பதை அங்கே கண்டோம்.

மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) விலங்கோடு வந்து நின்றபோது, மனம் வலித்தும் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) ஹிஜ்ரத் செய்து வந்தார். ஈமான் கொண்ட பெண்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அல்மும்தஹனா அத்தியாயத்தில் வசனம் இறங்கியது. உடன்படிக்கையின் வாசகம் ஆண்களையே குறித்தது என்பதை அறிஞர்கள் பலர் சுட்டிக்காட்டுவர். ஒரு சொல் ஒரு மனிதரின் வாழ்வை எந்தப் பக்கம் திருப்பும் என்று பாருங்கள்.

நாட்டுச் சட்டம் எங்கே நிற்கிறது?

முதலில் கண்ட தம்பியின் வழக்குக்கு வருவோம். 1988-ன் பினாமி தடுப்புச் சட்டம் 2016-ல் கடுமையாக்கப்பட்டது. உடன்பிறந்தவர் பெயரில் சொத்து வாங்குவதற்கு அதில் விதிவிலக்கு உண்டு. ஆனால் பணம் கொடுத்தவரின் பெயரும் கூட்டு உரிமையாளராக ஆவணத்தில் இருந்து, பணம் வந்த வழியும் தெளிவாக இருந்தால்தான் அது பொருந்தும். அண்ணன் பெயர் மட்டும் இருந்தால், 'அது பினாமிச் சொத்து, உண்மை உரிமையாளர் நான்' என்று வழக்குத் தொடுப்பதற்கே அச்சட்டம் தடை போடுகிறது. தம்பி அன்றே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் ஒன்றை அனுப்பியிருந்தால், அண்ணன் கையெழுத்திட்டு தம்பியின் பெயரிலேயே கிரயம் முடித்திருக்கலாம்.

அதே அதிகாரப் பத்திரத்தைக் கிரயத்துக்குப் பதிலாக நம்பி ஏமாறுவோரும் உண்டு. 'பவர்' வாங்கியதாலோ, விற்பனை ஒப்பந்தம் போட்டதாலோ மட்டும் சொத்து கைமாறாது. பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமை தரும் என்று 2011-ல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கைமாற்றுக் கடனில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அச்சடித்த புரோநோட்டில் வட்டிக்கான இடத்தை நிரப்பாமல் விட்டால் வட்டி இல்லை என்று நினைக்கிறோம். வட்டி விகிதம் குறிப்பிடாத ஆவணத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் கணக்கிடச் சொல்கிறது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 80-வது பிரிவு. ஹலாலாகக் கொடுத்த கடன், நீதிமன்றம் போகும்போது வட்டிக் கடனாகிவிடுகிறது! ஆகவே 'இது வட்டியில்லாக் கடன்' என்று வெளிப்படையாகச் சொல்லும் கடன் ஒப்பந்தத்தை வழக்கறிஞர் துணையோடு எழுதிக்கொள்வதே பாதுகாப்பு. வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்திட்டுக் கொடுப்பதோ, அதை நிரப்பிக்கொள்ள எதிர்த்தரப்புக்கு நாமே அனுமதி கொடுப்பதாகும்.

கடனை வசூலிக்க மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்குள் கடன் வாங்கியவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மீண்டும் தொடங்கும். ஆனால் வாங்கியவர் ஒன்றை மறக்கக் கூடாது. சட்டத்தில் காலாவதியான கடன் மறுமையில் காலாவதி ஆவதில்லை.

எப்படி எழுதுவது?

நீட்டி எழுதுவதால் தெளிவு வந்துவிடாது. முன்பணம் கொடுத்துப் பொருள் வாங்குவோர் அளவும் எடையும் தவணையும் தெரிந்த நிலையில்தான் அதைச் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் சொன்னார்கள். அதுவே இன்றைக்கும் அளவுகோல். யார், யாருக்கு, எதை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன என்ற ஆறு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

'விரைவில் தந்துவிடுகிறேன்' என்று எழுதாதீர்கள். '2027 மார்ச் 31-க்குள் இரண்டு லட்சம் ரூபாயும் தருகிறேன்' என்று எழுதுங்கள். 'லாபத்தில் நியாயமான பங்கு' என்பதும் தகராறுக்கு வித்து. 'செலவு போக நிற்கும் நிகர லாபத்தில் 40 சதவீதம். கணக்கு ஒவ்வொரு ஆண்டும் மார்ச் இறுதியில் முடிக்கப்படும்' என்று எழுதினால் இருவருக்கும் ஒரே பொருள்தான் தெரியும். முதல் போட்டவருக்கு லட்சத்துக்கு மாதம் இவ்வளவு என்று உறுதியாக எழுதினால் அது முழாரபா ஆகாது, வட்டியாகிவிடும். நஷ்டம் வந்தால் யார் சுமப்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். கூட்டாகக் கடை நடத்துவோர் நிறுவனத்தைப் பதிவும் செய்யுங்கள். பதிவில்லாக் கூட்டு நிறுவனத்தின் பங்காளி, ஒப்பந்த உரிமையைக் கேட்டுச் சக பங்காளி மீது வழக்குப் போட 1932-ன் சட்டம் இடம் தராது. கலைப்பதற்கும் கணக்குக் கேட்பதற்கும் மட்டுமே வழி உண்டு.

எழுதி முடித்ததும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உம்மாவுக்குப் புரியவில்லை என்றால் அந்த வரியை மாற்றுங்கள். ஒரு நகல் மனைவியிடம் இருக்கட்டும். நாளை நாம் இல்லாதபோது அலையப்போவது அவர்தான்.

சங்கடத்தை எப்படிக் கடப்பது?

'மச்சானிடம் எழுதிக் கேட்டால் என்ன நினைப்பார்?' என்ற தயக்கம்தான் பெரிய தடை. ஆனால் நாம் எழுத்துக்குப் புதியவர்கள் அல்லவே! நிக்காஹ் மஜ்லிஸில் மஹர் எத்தனை பவுன், வலீ யார், சாட்சிகள் யார் என்று சபை நடுவே தஃப்தரில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அங்கே சம்பந்தி கோபிப்பதில்லை. அன்று மாலையே அதே குடும்பங்களுக்குள் நகையும் பணமும் கைமாறும்போது மட்டும் எழுத்து எப்படி அவமானமாகிறது?

கேட்பவருக்குச் சங்கடமாக இருந்தால், கடன் வாங்குபவரே காகிதத்தோடு போகட்டும். 'காக்கா, நான் மவுத்தானால் என் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்' என்று அவரே சொன்னால் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. வாசகம் சொல்லும் பொறுப்பைக் குர்ஆன் அவரிடம் கொடுத்திருப்பதும் அப்படித்தான். ஜமாஅத்துகளும் நிக்காஹ் தஃப்தர் போல எளிய தமிழில் கடன், கூட்டு வணிகம், குடும்பச் சொத்து ஆகியவற்றுக்கு மாதிரிப் படிவங்களை ஒரு வழக்கறிஞரும் ஓர் ஆலிமும் சேர்ந்து தயாரித்து வைக்கலாம். பஞ்சாயத்தில் செலவழியும் இரவுகளில் பாதி மிச்சமாகும்.

இந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து, எழுதாமல் நிற்கும் கொடுக்கல் வாங்கல்கள் எவை என்று ஒரு பட்டியல் போடுங்கள். சம்பந்தப்பட்ட இருவரும் உயிரோடும் உறவோடும் இருக்கும்போதே அவற்றை எழுதி முடியுங்கள். அமானிதத்தைப் பேணுவோரின் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்ப்பானாக. ஆமீன்.