டிக்கிக்கு அடியில டர்போ, தலைக்கு மேல ஈஎம்ஐ

போன மாசம் எங்க ஊர் திற்பரப்புக்குப் போயிருந்தப்ப ஒரு தம்பி என்னைப் பிடிச்சுக்கிட்டான். திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல வேலை. பழைய சான் ஸ்டார்ம் ஒண்ணு வாங்கியிருக்கான். கோவாவில் செய்த ரெண்டு சீட் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் அது. ஃபைபர் பாடி, ரெனோவின் 1149 சிசி எஞ்சின், 60 குதிரைத்திறன். "அண்ணே, எஞ்சின் பக்கத்துல டர்போ வைக்க இடமில்ல. பின்னாடி சைலன்சர் இருக்கிற எடத்துல வச்சுத் தாறோம்னு சொல்றாங்க. பெர்சனல் லோன் போடட்டா?"

பைத்தியக்காரத்தனம்னு சொல்லி நான் ஒதுக்கல. ஐடியா உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. சாதாரணமா டர்போ எஞ்சின் தலையோட ஒட்டி இருக்கும். இதுல அதைப் பின்னால தள்ளி வைக்கிறாங்க. புகை குழாய்ல அவ்வளவு தூரம் போறதுக்குள்ள சூடு குறைஞ்சிடும், அதனால சின்ன டர்பைனாப் பார்த்துப் போடணும். அழுத்தின காத்து திரும்ப முன்னாடி வர்ற நீளமான குழாய்லயே கொஞ்சம் குளிர்ந்திடும், அது லாபம். அமெரிக்காவுல ஸ்கொயர்ஸ் டர்போ சிஸ்டம்ஸ்ங்கிற கம்பெனி இதை கிட்டாகவே வித்துப் பிரபலப்படுத்துச்சு.

ஆனா டர்போவுக்கு எண்ணெய் வேணும். எஞ்சின்ல இருந்து பின்னாடி வரைக்கும் ஒரு லைன் போகணும். டர்போ எஞ்சினை விடத் தாழ்வா இருக்கிறதால எண்ணெய் தானா திரும்பி வராது, தனியா ஒரு மின்சாரப் பம்ப் இழுத்துத் தரணும். அந்தப் பம்ப் நின்னா டர்போவும் போச்சு. ஏர் ஃபில்டர் பின் சக்கரத்துப் பக்கத்துல, தரைக்கு ஒரு முழம் மேல. திருவட்டாறு, குலசேகரம் வழியா திற்பரப்புக்கு மழையில வண்டி ஓட்டினவங்களுக்கு அடுத்த வரி தேவையில்ல. தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் நம்ம மாவட்டத்துக்கு உண்டு.

இதெல்லாம் மெக்கானிக் விஷயம், ஒரு சிஏ எதுக்குப் பேசணும்? என் பங்குக்கு வர்றேன்.

கிட், இறக்குமதி வரி, ஃபேப்ரிகேஷன், ஈசியு ட்யூனிங் எல்லாம் சேர்த்து 3 லட்சம்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குங்க. 14 சதவீத வட்டியில 3 வருஷக் கடன்னா மாசம் சுமார் 10,250 ரூபாய். மொத்தம் கட்டுறது 3.69 லட்சம், வட்டி மட்டும் 69 ஆயிரம். இதை நான் பெரிய பாவமா நினைக்கல. பிடிச்ச விஷயத்துக்குச் செலவு பண்ணத்தான் சம்பாதிக்கிறோம். எல்லாத்தையும் எஸ்ஐபியில போடுன்னு சொல்ற ஆள் நான் இல்ல, நம்ம சேனல் பாக்குறவங்களுக்கு அது தெரியும்.

எனக்குப் பயம் தர்றது இந்த 3.69 லட்சம் இல்ல. பில்லுல வராத ஒரு தொகை.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்லுது? ஆர்சியில இருக்கிற விவரம், தயாரிப்பாளர் முதல்ல கொடுத்த விவரத்தோட மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. கேரளத்துல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதைக் கறாரா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182-ஏ பிரிவு: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லேன்னா ரெண்டும்.

"சிசி மாறலையே அண்ணே"ன்னான் தம்பி. நல்ல பாயிண்ட்தான். ஆனா பதிவுச் சான்றுல சிசிக்குப் பக்கத்துலயே குதிரைத்திறனுக்கும் ஒரு கட்டம் இருக்கு. டர்போ மாத்துறதே அதைத்தான். இன்னொண்ணு: சொந்தக் காரோட ஆர்சி 15 வருஷத்துக்குத்தான். அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். சான் ஸ்டார்ம் அந்த வயசைத் தாண்டின வண்டி. மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்குற இன்ஸ்பெக்டருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?

அபராதம்கூடக் கட்டிடலாம். இன்சூரன்ஸ்தான் ஆபத்து. தேர்ட் பார்ட்டி பிரீமியம் சிசியை வச்சுத்தான்; 2022-ல வந்த கட்டணப்படி இந்த வண்டிக்கு வருஷம் 3,416 ரூபாய். அந்தக் காசுக்கு, நீங்க இடிச்சு ஒருத்தர் இறந்துபோனா தீர்ப்பாயம் சொல்ற இழப்பீட்டை, வரம்பே இல்லாம, கம்பெனி ஏத்துக்குது. இவ்வளவு பெரிய பாதுகாப்பு இவ்வளவு சின்ன விலைக்கு உங்க வாழ்க்கையில வேற எங்கயும் கிடைக்காது. ஆனா முக்கியமான தகவலை மறைச்சு வாங்கின பாலிசி செல்லாதுன்னு வாதாட 150-வது பிரிவு கம்பெனிக்கு இடம் கொடுக்குது. டர்போவை மாட்டிட்டு, சொல்லாம ரினீவல் பண்ணினா அந்த வாதத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. வாதம் ஜெயிச்சா என்ன ஆகும்? பல வழக்குல, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதல்ல கம்பெனி கட்டட்டும், அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கோர்ட் சொல்லியிருக்கு. ஓனர் நீங்கதான். அந்தத் தொகை சுலபமா பல லட்சம் போகும். அப்பாவோட ரப்பர் தோட்டம் உங்க பேருக்கு மாறியிருந்தா அதுவும் கணக்குல வரும்.

உங்க வண்டிக்கே சேதம்னாலும் கதை அதுதான். அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி, நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. அதுல டர்போவோட 3 லட்சம் இல்ல. வண்டி முழுசா போனாலும் ஈஎம்ஐ மட்டும் மாசா மாசம் வரும்.

அதனால என் கருத்து: ரோட்டுல ஓடுற, ஆர்சி இருக்கிற வண்டிக்கு இது வேண்டாம். கடன் போட்டு வேண்டவே வேண்டாம். டர்போ ஆசை இருக்கா, கம்பெனியே டர்போவோட அனுமதி வாங்கி வித்த வண்டியைப் பாருங்க. நம்ம கோயம்புத்தூர் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோட சேர்ந்து 2018-ல டியாகோ ஜேடிபி கொண்டுவந்தாங்க: 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், எக்ஸ் ஷோரூம் 6.39 லட்சம். சஸ்பென்ஷன், டயர்னு எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி மாத்தியிருந்தாங்க. இப்ப புதுசு வராது, செகண்ட் ஹேண்ட்ல தேடணும். அந்த வண்டியோட ஆர்சியும் பாலிசியும் உண்மையைச் சொல்லும்.

ஏற்கனவே மாட்டிட்டீங்கன்னா, ரினீவல் தேதிக்கு முன்னாடியே கம்பெனிக்கு மெயில்ல எழுத்து மூலமாச் சொல்லுங்க. ஏத்துக்கிட்டா எண்டார்ஸ்மென்ட் வாங்குங்க. ஏத்துக்கலைன்னா கழட்டி, பழைய சைலன்சரை மாட்டி, அந்த ஒர்க்ஷாப் பில்லைப் பத்திரமா வையுங்க. கழட்டின கிட்டை விக்கிறப்ப பாதி விலைகூட வராதுன்னு தம்பிகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவன் இன்னும் லோன் ஆப்பை டெலீட் பண்ணல.