பால்வாடிக்கு இன்னொரு கை

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறிச் சந்தைக்குப் பிற்பகல் வேளையில் செல்பவர்கள், கேரளத்துக்குப் புறப்படக் காத்திருக்கும் லாரிகளின் ஓரத்தில், வெற்றுச் சாக்குகளின் மீது உறங்கும் குழந்தைகளைக் கண்டிருக்கக்கூடும். அருகிலேயே தாய் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பார். சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு பெண்ணிடம், ‘ஏம்மா, பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பவில்லையா?’ என்று கேட்டேன். ‘அங்க விட்டா சோறெல்லாம் நல்லாத்தான் போடுவாங்க சார். நான் வேல முடிஞ்சு போறதுக்குள்ள பூட்டிருவாங்களே, அப்புறம் புள்ளைய யாரு பாக்குறது?’ என்றார்.

ஒரு கொள்கை அறிக்கை சொல்லக்கூடியதை அந்தப் பதில் சுருக்கமாகவே சொல்லிவிட்டது. சோறு கிடைக்கும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. மையத்தின் நேரம் தம்முடைய நேரமல்ல என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அங்கே குழந்தை எதையேனும் கற்கும், அதற்காகவாவது அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அவர் பதிலில் இடம்பெறவே இல்லை. அவரைக் குறைசொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகளாக அந்த எதிர்பார்ப்பை நாமே அவரிடம் வளர்க்கவில்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். முதல் தலைமுறை மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்துப் பொருள்கொள்ளத் திணறும்போது, ஆசிரியர் அறையில் மேல்நிலைப் பள்ளியைக் குறைசொல்வோம். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் நடுநிலைப் பள்ளியைச் சொல்வார். அவர் தொடக்கப் பள்ளியைச் சொல்வார். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு மட்டும் குறைசொல்ல ஆள் இல்லை என்று நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு. உண்மையில் அவருக்கு முன்னாலும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான அந்த இடத்தை நாங்கள் யாரும் எண்ணிப்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின், உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு தனக்கென ஓர் ஊட்டச்சத்துத் திட்டத்தை வகுத்துக்கொண்டது. அதன் முன்னோட்டம் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் நடந்தது. திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985 செப்டம்பரில்தான் என்பதால், அன்று ஒட்டன்சத்திரமும் அதே மாவட்டத்தைச் சேர்ந்ததே.

அந்தத் திட்டத்தின் சிறப்பு அதன் குறுகிய இலக்கு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்க்க வேண்டும். எடை கூடாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. எடை தேறியதும் நிறுத்திவிட்டுத் தாய்க்கு ஆலோசனை. பணியாளராக அதே ஊரைச் சேர்ந்த பெண்ணையே, அதிலும் வறுமையிலும் தன் குழந்தையை நன்கு வளர்த்துக் காட்டிய தாயையே விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு வேலைகள் குறைவு. அவை என்னென்ன என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு கணிசமாகக் குறைந்தது. உலகெங்கும் ஊட்டச்சத்துப் பாடநூல்களில் இத்திட்டம் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுவதற்கு இந்த எளிமையே காரணம் என்பது என் கணிப்பு. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதலான குழந்தைகளுக்கும் மதிய உணவைக் கொண்டுவந்தது. ‘பால்வாடியில் விட்டால் சோறு போடுவார்கள்’ என்ற நம்பிக்கை வேரூன்றியது அப்போதுதான்.

காலப்போக்கில் இவையெல்லாம் ஒரே மையத்தில் வந்து சேர்ந்தன. இன்று மாநிலத்தில் 54,439 குழந்தைகள் மையங்கள் உள்ளன. சேர்ந்தபோது வேலைகளும் சேர்ந்துகொண்டன. ஆட்கள் மட்டும் சேரவில்லை. கருவுற்ற பெண்களின் பதிவு, தடுப்பூசி நாள், வீடு தேடிச் செல்லுதல், சத்துமாவு வழங்கல், எடையும் உயரமும் குறித்தல், கணக்கெடுப்புகள் என அனைத்துக்கும் ஒரே பணியாளர். சமையலுக்கு ஓர் உதவியாளர். குறுமையங்களில் அந்த உதவியாளரும் இல்லை. 2021 மார்ச் முதல் இத்தனையையும் கைப்பேசியில் ‘போஷன் டிராக்கர்’ செயலியிலும் ஏற்ற வேண்டியதாயிற்று. 2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொண்டுசெல்லும் ஊட்டச்சத்துப் பொருளை வழங்கப் பயனாளியின் முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இணையத் தொடர்பு விட்டுவிட்டு வரும் ஊரில், ஒரு தாயின் முகத்தைச் செயலி அடையாளம் காணும்வரை நான்கு வயதுக் குழந்தைகள் இருபது பேர் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று விதி வகுத்தவர்கள் நினைத்துப் பார்த்தார்களா எனத் தெரியவில்லை.

இந்தப் பட்டியலின் கடைசியில்தான் முன்பருவக் கல்வி வருகிறது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் நம்மிடம் இருக்கிறது; அழகான திட்டம். ஆனால் ஆடவும் பாடவும் எதிரில் ஒருவர் வேண்டும். அவருடைய கண்கள் பதிவேட்டில் இருந்தால் பாப்பா எங்கே விளையாடும்?

இது வெறும் ஆதங்கம் இல்லை. தமிழ்நாட்டிலேயே அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. பொருளியலர்கள் கார்த்திக் முரளிதரன், அலெகாந்திரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் நம் மாநிலத்தின் 640 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக அரைநேரப் பணியாளர் ஒருவரை நியமித்துப் பார்த்தனர். அவருடைய வேலை முன்பருவக் கல்வி மட்டுமே. பெரிய பட்டம் பெற்றவர்கள் இல்லை; அக்கம்பக்கத்துப் பெண்களே. குழந்தைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இருமடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, மையத்தில் தொடர்ந்த குழந்தைகளின் கணிதத் திறன் 0.29 திட்டவிலக்கமும் மொழித்திறன் 0.46 திட்டவிலக்கமும் உயர்ந்திருந்தன. இந்தப் புள்ளியியல் மொழியைச் சாதாரணத் தமிழில் சொல்வதானால், நூறு குழந்தைகளை மதிப்பெண்ணின் ஏறுவரிசையில் நிறுத்தும்போது நடுவில், ஐம்பதாம் இடத்தில் நின்றிருக்கக்கூடிய குழந்தை, கணிதத்தில் ஏறத்தாழ 61-ஆம் இடத்துக்கும் மொழியில் 68-ஆம் இடத்துக்கும் முன்னேறுகிறது. இடையில் மையத்தை விட்டுச் சென்றவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இதைவிடக் குறைவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு வியப்பளித்தது வேறொரு முடிவு. புதிய பணியாளர் உணவுப் பக்கமே போகவில்லை. ஆயினும் அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்திருந்தன. ஏனெனில், கற்பிக்கும் சுமை பகிரப்பட்டதும் பழைய பணியாளருக்கு எடை பார்க்கவும் தாய்மாரைச் சந்திக்கவும் நேரம் கிடைத்தது. கொட்டாம்பட்டியில் 1980-இல் தெரிந்துகொண்டதை நாம் மறந்துவிட்டு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஆய்வு நடத்தித் திரும்பவும் தெரிந்துகொண்டிருக்கிறோம்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். இந்தியச் சராசரியான 35.5-உடன் ஒப்பிட்டால் நாம் முன்னே இருக்கிறோம். ஆனால் முந்தைய சுற்றில் நம் அளவு 27.1. நான்கைந்து ஆண்டுகளில் இரண்டு புள்ளிகள்தான் குறைந்திருக்கின்றன. குழந்தைகளிடையே இரத்தசோகையோ 50.7-இலிருந்து 57.4-ஆக ஏறியிருக்கிறது. சோறு போடுவதால் மட்டும் எட்டக்கூடிய தூரத்தை நாம் பெரும்பாலும் எட்டிவிட்டோம் என்றே இந்த எண்களை நான் வாசிக்கிறேன்.

செலவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரைநேரப் பணியாளருக்கு மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லா மையங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 523 கோடி ரூபாய். மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பரில் 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கியது. அதாவது ஆண்டுக்கு 12,700 கோடிக்கு மேல். நான் அத்திட்டத்தைக் குறைசொல்பவன் இல்லை. எங்கள் தெருவில் அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்பதைப் பார்க்கிறவன். அதன் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான தொகை, மாநிலத்தின் ஒவ்வொரு மையத்திலும் இன்னொரு கையைக் கொண்டுவரும் என்பதைச் சுட்டுவதற்காகவே சொல்கிறேன். 2025-இல் 7,783 பணியிடங்களை நிரப்ப அரசு அறிவிப்பு வெளியிட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் அவை காலியாகக் கிடந்த பழைய இடங்கள். அவற்றை நிரப்பினால் பழைய நிலைக்குத் திரும்புவோம். ஒரு மையத்துக்கு ஒருவர் என்ற அடிப்படைக் கணக்கு மாறாது.

இடையில் ஒரு முயற்சி நடந்ததையும் நினைவுபடுத்த வேண்டும். 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். ஆசிரியர்கள் பலர் அதைப் பதவியிறக்கமாகவே கருதினர், வழக்குகளும் நடந்தன. 2022 ஜூனில் வகுப்புகளை நிறுத்துவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே முடிவு மாறித் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு அவை தொடர்ந்தன. மனமில்லாத பட்டதாரியை விட, மனமுள்ள, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் மூன்று வயதுக் குழந்தைக்கு நல்ல ஆசிரியர் என்பதை அந்த அனுபவமே காட்டியது.

வசதி சற்றே கூடியதும் பெற்றோர் தனியார் மழலையர் பள்ளியை நாடுகிறார்கள். வேனும் சீருடையும் ஆங்கிலமும் அங்கே கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து எழுதவைப்பது தரமாகாது என்று நாம் அறிவுரை சொல்லலாம். ஆனால் அரசு மையத்தில் கற்பித்தல் நடப்பதையே அவர்கள் பார்த்ததில்லை எனும்போது, எதை எதனோடு ஒப்பிடுவார்கள்? மலிவாகத் திறந்துவைத்தால் மட்டும் போதாது என்பதற்குக் கனடாவின் கியூபெக் மாநிலம் சான்று. 1997-இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைக் காப்பகங்களை அங்கே விரிவாக்கினார்கள். தாய்மார் பெருமளவில் வேலைக்குச் சென்றனர். குழந்தைகளின் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகப் பின்னர் ஆய்வுகள் தெரிவித்தன.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளின் நிலை இதனினும் கடினமானது. அவர்களுக்கு மையத்திலிருந்து வீட்டுக்குச் சத்துமாவுப் பொட்டலம் வரும். பகலில் அவர்களை வைத்துக்கொள்ள இடம் கிடையாது. மூளை மிக வேகமாக வளரும் காலத்தில் அவர்கள் பாட்டியிடமோ, எட்டு வயது அக்காவிடமோ, சந்தைச் சாக்கின் மீதோ இருக்கிறார்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87-இல், வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் வீட்டுக்குச் சென்று, கையில் கிடைத்த பொருள்களால் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையுடன் எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குழந்தைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம். கூடுதல் உணவு மட்டும் பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய நீண்டகாலப் பலன் தென்படவில்லை.

கர்நாடகம் ‘கூசின மனெ’ என்ற பெயரில், ஊரக வேலைத் திட்டப் பெண்களின் குழந்தைகளுக்காக 4,000 ஊராட்சிகளில் காப்பகங்களை 2023-இல் அறிவித்தது. ‘பால்னா’ என்ற மத்தியத் திட்டத்தில் அங்கன்வாடியுடன் காப்பகத்தையும் இணைக்க வழி இருக்கிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. ஆனால் காய்கறிச் சந்தை ஆலை இல்லை. தரம் பிரிக்கும் பெண்ணுக்கு முதலாளி இன்று ஒருவர், நாளை வேறொருவர். தக்காளியும் முருங்கையும் பறிக்க விடியற்காலையில் சரக்கு வண்டியில் ஏறிப்போகும் பெண்களுக்கும் இதே நிலைதான்.

ஆகவே பொறுப்பு உள்ளாட்சிக்கே வருகிறது. கடை வாடகையும் சுங்கமும் ஈட்டித் தரும் சந்தைகள் நம் ஊர்களில் நிறைய. அத்தகைய சந்தையின் அருகே ஓர் அறை. விடியற்காலை முதல் மாலை இருட்டும்வரை திறந்திருக்க, முறை மாற்றி வேலைசெய்யும் இரண்டு பெண்கள். குழந்தைகள் வளர்ச்சித் துறையிலிருந்து சத்துமாவும் முட்டையும். அங்கேயே அந்த அரைநேர ஆசிரியை. ஒட்டன்சத்திரத்தில் ஓராண்டு இதை நடத்திப் பார்த்து, குழந்தைகளின் எடையையும் பேச்சையும் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து வெளியிடலாம். அளக்கும் வேலைக்குச் சம்பளமின்றி வர எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் சிலர் இவ்வூரில் இருக்கிறோம்.