நட்சத்திர விடுதியும் பெரணமல்லூர்த் தறியும்

முகூர்த்த நாள்களில் சென்னையின் நட்சத்திர விடுதிகளில் கூடும் பெண்களில் பெரும்பாலோர் பட்டு உடுத்தியிருப்பார்கள். அவற்றுள் சில, திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரணமல்லூரிலோ, ஆரணியிலோ, தேவிகாபுரத்திலோ ஏதோ ஒரு வீட்டுத் தறியில் நெய்யப்பட்டவையாக இருக்கும். உடுத்தியவருக்கு அந்த ஊரின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆரணிப் பகுதியில் நெய்த சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விலைபோவது வணிகத்தில் புதிதல்ல. ஆரணிப் பட்டுக்கெனத் தனிப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் இந்நிலை முற்றாக மாறிவிடவில்லை. பெரணமல்லூரின் பட்டு நட்சத்திர விடுதிக்குள் நுழைந்து நெடுங்காலமாகிவிட்டது. அந்த ஊரின் பெயர்தான் இன்னும் நுழையவில்லை.

விடுதி அறைக்கான ஜிஎஸ்டி விதிப்பில் ஒரு நாள் வாடகை ரூ.7,500 என்பது எல்லைக்கோடு. அதற்கு மேற்பட்ட அறைகளுக்கு 2017-இல் 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. சுற்றுலாத் துறையின் கோரிக்கையை ஏற்று, 2019 அக்டோபர் முதல் அது 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த எல்லைக்கு உட்பட்ட அறைகளுக்கான வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகியுள்ளது.

இந்த எண்களுக்கு அருகில் இன்னோர் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2019-20-இல் வெளியான நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாதம் ரூ.5,000-க்கும் குறைவாகவே ஈட்டின. சொகுசின் தொடக்கம் என அரசு கருதும் ஓர் இரவின் வாடகை, ஒரு நெசவுக் குடும்பத்தின் ஒரு மாத வருவாயைவிட அதிகம்.

இதைக் கொண்டு சொகுசு விடுதிகளே கூடாது என்று வாதிடுவது எளிது. ஆனால், அதனால் எந்த நெசவாளருக்கும் ஒரு நாள் கூலி கூடிவிடாது. விடுதிகள் வேலை தருகின்றன. அந்நியச் செலாவணி ஈட்டுகின்றன. சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி அளித்து 2023-இல் தமிழக அரசு சுற்றுலாக் கொள்கை வெளியிட்டதன் நோக்கமும் அதுவே. நாம் எழுப்ப வேண்டிய கேள்வி வேறு. பொதுமக்களின் வரிப்பணத்தை விட்டுக்கொடுத்து வளர்க்கப்படும் சொகுசு, சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன திருப்பித் தருகிறது?

இக்கேள்விக்கு விடை தேட, தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டைப் பார்க்கலாம். அதன் தலைநகர் கீட்டோ, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் ஆண்டீஸ் மலைகளுக்கிடையே அமைந்த நகரம். யுனெஸ்கோ 1978-இல் வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்றது. அதன் பழைய நகரின் சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்தில், செல்வக் குடும்பமொன்று வாழ்ந்த மாளிகை சீரமைக்கப்பட்டு, 2011-இல் 'காசா கங்கோத்தேனா' என்ற சொகுசு விடுதியாகத் திறக்கப்பட்டது. அறைகள் முப்பத்தொன்றுதான். பழைய கட்டடத்தை இடித்து அடுக்குமாடி எழுப்பாமல், இருப்பதைச் செப்பனிட்டதே அதன் ஈர்ப்பு.

கீட்டோவில் தங்கும் பயணிகளில் பலர், வடக்கே நிலநடுக்கோட்டைக் கடந்து சுமார் 90 கி.மீ. தொலைவிலுள்ள ஒட்டாவலோவுக்குச் செல்கிறார்கள். அது கிச்வா பழங்குடி மக்களின் நெசவு ஊர். ஸ்பானிய ஆட்சியில் அம்மக்கள் நெசவுக் கூடங்களில் கட்டாய உழைப்புக்கு ஆளாக்கப்பட்டவர்கள். இன்று அவர்களே நெய்து, அவர்களே கடை விரித்து, கடல் கடந்தும் வணிகம் செய்கிறார்கள். அங்குக் கூடும் சனிக்கிழமைச் சந்தை ஈக்வடார் வரும் பயணிகளின் திட்டத்தில் தவறாமல் இடம்பெறுகிறது. தலைநகரின் விடுதியில் தங்குபவருக்கு நெசவு ஊரின் பெயர் தெரிகிறது. அந்த ஊரின் பெயராலேயே துணி விற்கிறது. பெரணமல்லூருக்கும் ஒட்டாவலோவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அதற்காக ஒட்டாவலோவை அப்படியே பின்பற்றவும் கூடாது. அந்தச் சந்தையில் விசைத்தறித் துணிகள் கைத்தறித் துணிகளை ஓரங்கட்டிவிட்டன என்ற குறை உண்டு. 2024 ஜனவரியில், போதைப்பொருள் கும்பல்களின் வன்முறையை ஒடுக்க, அதிபர் டேனியல் நோபோவா உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்து ராணுவத்தை இறக்கினார். நாட்டில் அச்சம் சூழ்ந்தால் பயணி வர மாட்டார். பயணியை மட்டுமே நம்பிய தறி ஓய்ந்துவிடும். ஆகவே, நெசவாளருக்குச் சுற்றுலா கூடுதல் வருவாயாக இருக்கலாமே தவிர, முழு வாழ்வாதாரமாகிவிடக் கூடாது.

தமிழகத்திலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. காரைக்குடி, கானாடுகாத்தான் பகுதிகளில் நகரத்தார் மாளிகைகள் சில பாரம்பரிய விடுதிகளாகியுள்ளன. அவற்றில் தங்குவோர் ஆத்தங்குடித் தளக்கல் செய்யும் கூடங்களுக்குச் செல்கின்றனர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையைத் தேடி வாங்குகின்றனர். மாளிகை, கைத்தொழில், உணவு ஆகிய மூன்றும் ஒரே பயணத்தில் இணைந்ததால், அப்பகுதியின் பெயரே ஒரு வணிக முத்திரையாகிவிட்டது.

ஆரணிப் பகுதிக்கும் இத்தகைய வளங்கள் இல்லாமலில்லை. ஆரணி அருகே பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார்கள் எழுப்பிய, ஐரோப்பியப் பாணி மாளிகை சிதைந்து நிற்கிறது. சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரை இருக்கிறது. போளூர் அருகே திருமலையில் சமணர் வழிபடும் நேமிநாதரின் பெருஞ்சிற்பம் இருக்கிறது. 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வந்தவாசியும் அருகில்தான். சென்னையிலிருந்து சுமார் மூன்று மணி நேரப் பயணத்தில் இத்தனையும் இருந்தும், சென்னை விடுதியில் தங்கும் வெளிநாட்டவர் மாமல்லபுரமும் காஞ்சியும் கண்டு திரும்பிவிடுகிறார்.

என்ன செய்யலாம்? முதலாவதாக, சுற்றுலாக் கொள்கையின்கீழ் சலுகை பெறும் உயர்தர விடுதிகள், திரைச்சீலை, மெத்தை உறை, சுவர் அலங்காரம், பணியாளர் சேலை ஆகியவற்றில் ஒரு பங்கைக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களிடமோ, 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸிடமோ வாங்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். அன்றாடம் வெளுக்கும் விரிப்புக்குப் பட்டு ஒத்துவராது என்பது உண்மைதான். ஆனால், சோழர் பெயரைச் சூடி, தூண்களிலும் சிற்பங்களிலும் தமிழ் மரபைக் காட்டும் விடுதிக்கு, உயிரோடிருக்கும் தமிழ்த் தறிக்கு ஓரிடம் ஒதுக்குவது பெருஞ்செலவாகிவிடாது.

இரண்டாவதாக, பூசிமலைக்குப்பம் மாளிகையின் கட்டட நிலையை வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ந்து, இயன்ற வரையில் காக்க வேண்டும். அது விடுதியாக வேண்டும் என்பதில்லை. பட்டு நெசவு அருங்காட்சியகமாகவும் ஆகலாம். இடிந்து விழுந்த பிறகு அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில் பயனில்லை.

மூன்றாவதாக, தறியைக் காண வருபவர் செலுத்தும் கட்டணத்தில் பெரும்பகுதி நெசவாளரின் கணக்கில் நேரடியாகச் சேர வேண்டும். பாவும் ஊடையும் தந்து கூலி கொடுக்கும் முதலாளிக்கும், பயணிகளை அழைத்துவரும் முகவருக்கும் மட்டுமே ஆதாயமென்றால், நெசவாளர் தம் வீட்டிலேயே காட்சிப்பொருளாகிவிடுவார். அவருக்கு மதிப்பளிக்காத சுற்றுலா பெரணமல்லூருக்குத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேலை நெய்யப்பட்ட ஊரின் பெயர் அச்சேலையிலேயே இருக்க வேண்டும். புவிசார் குறியீடு என்பது சான்றிதழாகச் சுவரில் தொங்குவதற்கன்று. வாங்குபவரின் கைக்கு ஊரின் பெயரைக் கொண்டுசேர்ப்பதற்கு.

நெசவாளரின் பிள்ளைகள் வேறு வேலை தேடி நகரங்களுக்குச் சென்றுகொண்டிருக்கிறார்கள். அது அவர்களின் உரிமை; குற்றமன்று. ஆனால், தறியில் அமர்ந்தால் வயிறு நிறையும், பெயரும் நிலைக்கும் என்ற நிலை இருந்து, அதற்குப் பிறகும் அவர்கள் வேறு தொழிலைத் தேர்ந்தெடுத்தால்தான் அது தேர்வு. இன்று அவர்கள் செய்வது தேர்வு அல்ல, வெளியேற்றம். விடுதிகளுக்கு வரியில் 10 சதவீதத்தை விட்டுக்கொடுக்க முடிந்த நாட்டுக்கு, இந்த வெளியேற்றத்தைத் தடுக்கவும் முடியும்.