மலைச்சரிவுத் திராட்சையும் இயற்கை விவசாயமும்: அல்சாஸ் தோட்டங்களில் நாம் கவனிக்க வேண்டியவை

பிரான்ஸ் நாட்டில் 2024-ஆம் ஆண்டு பருவம் முழுவதும் மழை விடவில்லை. திராட்சையில் அடிச்சாம்பல் நோய் பரவியது. உறைபனியும் ஆலங்கட்டி மழையும் சேர்ந்துகொண்டதில், அந்நாட்டின் ஒயின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 23 சதவீதம் குறைந்தது. இயற்கை முறைக்கு மாறிய விவசாயிகளுக்கு இது கடும் சோதனை. அடிச்சாம்பலுக்கு எதிராக அவர்களிடம் இருக்கும் முக்கிய மருந்து தாமிரம்தான். அதற்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு.

ஒயின் தயாரிப்பு நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். திராட்சை என்ற பயிரில் மண் என்ன செய்கிறது, இயற்கை விவசாயம் எதைக் கொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை இந்தத் தோட்டங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சரிவும் கல்லும் செய்யும் வேலை

அல்சாஸ் பகுதி பிரான்ஸின் கிழக்கு எல்லையில் இருக்கிறது. மேற்கே நிற்கும் வோஸ்ஜ் மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுவதால், கோல்மார் நகரில் ஆண்டு மழை சுமார் 600 மி.மீ. அளவிலேயே நிற்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதைப் போலத்தான். அங்கே தயாராகும் ஒயினில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளை ஒயின்.

அப்பகுதியின் தெற்கு முனையில், டான் என்ற ஊரை ஒட்டி ராங்கென் என்ற தோட்டச் சரிவு உள்ளது. சில இடங்களில் 100 அடி தள்ளிப் போவதற்குள் 90 அடி ஏற வேண்டும். டிராக்டர் ஏறாது, கை வேலைதான். எரிமலைப் பாறை உடைந்து உருவான கருங்கல் மண். தெற்கு நோக்கிய சரிவு என்பதால் பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்து மாலையில் விடுகிறது. மழைநீர் தேங்காமல் வடிகிறது. கொடி அதிகம் தழைப்பதில்லை, பழம் சிறுத்து, சாறு கெட்டியாகிறது. குளிர்ந்த இரவு புளிப்பைக் காக்கிறது.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். சிவப்பு ஒயினைப் போலத் தோலின் நிறமும் துவர்ப்பும் சேராது. அதனால் சாற்றின் இனிப்பு, புளிப்பு, மணம் மூன்றும் அப்படியே வெளியே தெரியும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். கல்லில் உள்ள தாது நேராகப் பழத்துக்குள் வந்து சுவையாக மாறுவதில்லை. நீர், வெப்பம், வேரின் ஆழம், தழைச்சத்தின் அளவு ஆகியவற்றின் வழியாகத்தான் மண் சுவையை மாற்றுகிறது. இந்த நான்கில் நீரையும் தழைச்சத்தையும் விவசாயி தன் கையால் ஓரளவு மாற்ற முடியும்.

இயற்கை முறை எதைக் கொடுக்கிறது?

ராங்கெனில் தோட்டம் வைத்துள்ள சிண்ட்-ஹம்பிரெக்ட் பண்ணை 1997 முதல் உயிராற்றல் வேளாண்மை செய்கிறது. தொழு உரக் கம்போஸ்ட், களைக்கொல்லி இல்லாத நிலம், நம்மூர் விவசாயிகளும் அறிந்த கொம்பு சாண உரம் ஆகியவை இம்முறையின் அடிப்படை. கம்போஸ்ட்டும் மூடுபயிரும் மண்ணின் கரிமத்தைக் கூட்டி, சரிவில் மண் அரிப்பைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று நிறைய உண்டு. கொம்பு சாண உரம் தனியாகப் பலன் தரும் என்பதற்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. கம்போஸ்ட்டை விட்டுவிட்டுக் கொம்பு சாணத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மூடுபயிரிலும் கவனம் வேண்டும். வெறும் புல்லை விட்டால் அது கொடியோடு தழைச்சத்துக்குப் போட்டி போடும். சாற்றில் தழைச்சத்து குறைந்தால் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் பயறு வகைகளைக் கலந்து விதைக்கிறார்கள்.

தாமிரக் கணக்கு

போர்டோ கலவை பிறந்ததே 1880-களில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டத்தில்தான். ஆனால் தாமிரம் மண்ணில் மட்காது. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து மண்புழுவையும் நுண்ணுயிரையும் பாதிக்கும். எனவே 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம் எக்டேருக்கு 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ தாமிரம் என வரம்பு வைத்துள்ளது. சராசரி ஆண்டுக்கு 4 கிலோ; ஏக்கருக்கு 1.6 கிலோ.

இதை நம் கணக்கில் பாருங்கள். ஒரு சதக் கலவைக்கு 100 லிட்டர் நீருக்கு 1 கிலோ மயில்துத்தம். அதில் கால் பங்கு தாமிரம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் அரை கிலோ தாமிரம் மண்ணுக்குப் போகிறது. மூன்று முறை தெளித்தாலே அவர்களின் ஓராண்டு வரம்பை நெருங்கிவிடுகிறோம். இயற்கை மருந்துதானே என்று பத்து முறை தெளிப்பவர், தான் வளர்த்த மண்ணைத் தானே கெடுக்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஊர்ப்பெயர் மட்டும் விலையைக் கூட்டாது. அல்சாஸில் சாதாரண வெள்ளை ஒயினுக்கு எக்டேருக்கு 8,000 லிட்டர் வரை அனுமதி. உயர்தரச் சரிவுகளுக்கு 5,500 லிட்டர் அல்லது அதற்கும் குறைவு. மகசூலைத் தாங்களே குறைத்துக்கொண்டு தரத்தைக் காப்பதால்தான் அந்தப் பெயருக்கு விலை. நம் பகுதியில் கூடுதல் விலைக்கு வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மகசூலைக் குறைக்கும் முடிவை எடுங்கள்.

மற்றவற்றை இப்போதே தொடங்கலாம். மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது தாமிர அளவையும் கேளுங்கள். ஒவ்வொரு தெளிப்பிலும் எவ்வளவு மயில்துத்தம் போனது என்று நோட்டில் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பந்தலில் நெருக்கமான தளிர்களையும் இலைகளையும் கிள்ளிக் காற்றோட்டம் கொடுங்கள். நோய் கண்ட இலைகளைத் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிடுங்கள். வரிசைகளுக்கு இடையே தட்டைப்பயறு அல்லது சணப்பு விதையுங்கள். சரிவு நிலமானால் சரிவுக்குக் குறுக்கே விதையுங்கள்.

முழுத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் இயற்கைக்கு மாற்ற வேண்டாம். கால் ஏக்கரில் தொடங்கி, ஒரு மழைப் பருவத்தைத் தாண்டிய பிறகு செலவையும் வரவையும் ஒப்பிட்டு, அடுத்த பகுதிக்குப் போங்கள்.